செயற்கைக்கோள் படத்திலிருந்து உமிழ்வு எண்ணுக்கு: மடிக்கணினியில் செய்து பார்த்தது

செயற்கைக்கோள் எடுத்த காற்று மாசுப் படங்களில் பெரிய நகரங்கள் சிவப்புத் திட்டுகளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு அதிகம் என்றால் புகை அதிகம் வெளியாகிறது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் படம் காட்டுவது, அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு மேலே எவ்வளவு வாயு இருக்கிறது என்பதை மட்டும்தான். தொட்டியில் நிற்கும் தண்ணீரை வைத்துக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வெளியே எவ்வளவு போகிறது என்பதும் தெரிய வேண்டும். வாயு வெளியேற இரண்டு வழி உண்டு. காற்று அடித்துக்கொண்டு போவது ஒன்று, வேதிவினையில் அழிந்துபோவது இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் தரவை வைத்து, சாதாரண மடிக்கணினியில் "நொடிக்கு இத்தனை கிலோ" என்ற எண் வரை போக முடியுமா என்று பார்த்தேன். போக முடிகிறது. ஆனால் உழைப்பில் பெரும்பகுதி செயற்கைக்கோள் தரவுக்குப் போகவில்லை, காற்றுக்குத்தான் போனது.

எந்த வாயு, எந்த ஊர்

இந்த வேலைக்குத் தோதான வாயு நைட்ரஜன் டை ஆக்சைடு. வண்டி என்ஜின், மின் நிலையக் கொதிகலன், சிமென்ட் சூளை என்று அதிக வெப்பத்தில் எரிப்பு நடக்கும் எல்லா இடத்திலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. பகல் வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடுவதால் வெகுதூரம் போய்த் தேங்குவதில்லை. பிறந்த இடத்தை ஒட்டியே தெரியும். மீத்தேன் ஏறக்குறைய பத்தாண்டு தங்கும். அதில் ஒரு நகரத்தின் பங்கு, பெரிய பின்னணிக்கு மேல் சின்ன மேடு போலத்தான் தெரியும்; அதைப் பிரித்தெடுப்பது தனி வித்தை.

ஊர் ரியாத். 2011இல் ஸ்டெஃபன் பைர்லே குழுவினர் 'சயின்ஸ்' இதழில் பெருநகரங்களின் உமிழ்வையும் வாயுவின் ஆயுளையும் ஒரே சமயத்தில் விண்ணிலிருந்து கணக்கிடும் முறையை வெளியிட்டபோது ரியாத்தைத்தான் உதாரணமாகக் காட்டினார்கள். சுற்றிலும் பாலைவனம், மேகம் குறைவு, பக்கத்தில் வேறு பெரிய நகரம் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. தொழிற்சாலைகள் அடுத்தடுத்து நிற்கும் சமவெளியிலோ, மலையும் கடலும் சந்திக்கும் இடத்திலோ முதல் முயற்சியைச் செய்தால், வரும் எண்ணில் எது ஊருடையது, எது பக்கத்து ஊருடையது என்று பிரிக்கவே முடியாது.

அவர்கள் பயன்படுத்தியது 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓமி கருவி. நேர் கீழே பார்க்கும்போதே அதன் ஒரு படப்புள்ளி 13க்கு 24 கிலோமீட்டர். நான் எடுத்தது 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோப்போமி கருவியின் தரவு. அதன் படப்புள்ளி தொடக்கத்தில் 3.5க்கு 7, 2019 ஆகஸ்ட் முதல் 3.5க்கு 5.5 கிலோமீட்டர். ஒரு நகரத்தை ஒரே திட்டாகப் பார்ப்பதற்கும் அதன் மின் நிலையங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

தரவை இறக்கிச் சுத்தம் செய்வது

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் தரவுத் தளத்தில் கணக்குத் தொடங்கினால் கோப்புகளை இலவசமாக இறக்கலாம். செயற்கைக்கோளின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக்கான வடிவம்) கோப்பு. ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. ஓர் ஊருக்காகப் பாதி உலகத்தை இறக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். இறக்கிய கையோடு ஊரைச் சுற்றி ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மூலக் கோப்பை அழித்துவிடும்படி ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். வட்டு தப்பித்தது.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம் பதிப்பு. இந்த வாயுவுக்கான கணக்கீட்டு முறை பல முறை மாற்றப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் மேக உயரத்தைக் கணக்கிடும் விதத்தை மாற்றியதும் மாசு நிறைந்த இடங்களில் எண்கள் கூடின. பழைய, புதிய பதிப்புக் கோப்புகளைக் கலந்து வரிசையாக அடுக்கினால், ஊரின் உமிழ்வு திடீரென்று உயர்ந்தது போல ஒரு படி தெரியும். அங்கே மாறியது மென்பொருள் மட்டும். அதனால் பழைய ஆண்டுகளுக்கு, ஒரே பதிப்பில் மறுபடி கணக்கிட்டு வெளியிடப்பட்ட தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் தர மதிப்பு. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். 0.75க்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. அதுவே மேகம் மூடியவற்றையும் கழித்துவிடும். இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலரும் இன்னொரு படி போய், "அளவு எப்படி எதிர்மறையாக இருக்கும்?" என்று பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களையெல்லாம் தூக்கிவிடுகிறார்கள். அதைச் செய்யக்கூடாது. சுத்தமான பாலைவனத்துக்கு மேல் உண்மை அளவு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். கருவியின் இரைச்சல் அதை மேலும் கீழும் ஆட்டும். கீழே ஆடியதை மட்டும் வெட்டினால் மிச்சமுள்ள சராசரி மேலே ஏறும், பின்னணி பொய்யாக உயரும், கடைசியில் வாயுவின் ஆயுளும் சேர்ந்து கெடும்.

அலகுகள்: கோப்பில் இருப்பது ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்றுத் தூணில் எத்தனை மோல் என்பது. பழைய கட்டுரைகள் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மூலக்கூறு என்று எழுதும். மாற்றுவதற்குப் பெருக்க வேண்டிய எண் 6.022 பெருக்கல் 10இன் 19ஆம் அடுக்கு. நான் மோலிலேயே இருந்துகொண்டேன். கடைசியில் கிலோவுக்கு மாறும்போது ஒரே பெருக்கல்.

காற்று

செயற்கைக்கோள் ஊரைக் கடப்பது உள்ளூர் சூரிய நேரப்படி பிற்பகல் 1.30 வாக்கில். ரியாத்தின் தீர்க்கரேகைக்கு அது உலகப் பொது நேரத்தில் ஏறக்குறைய 10.30. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்துக் கட்டிய தரவு), கால் பாகை இடைவெளியில் மணிக்கொரு முறை காற்றைத் தருகிறது. 10 மணி, 11 மணிக் காற்றை எடுத்து இடையில் கணக்கிட்டுக்கொண்டால் நேரம் சரி.

எந்த உயரக் காற்று? இங்கேதான் எண் ஆடத் தொடங்குகிறது. ஈரா5 கோப்பில் சுலபமாகக் கிடைப்பது 10 மீட்டர் உயரக் காற்று. தரையின் உராய்வால் அது மெதுவாக இருக்கும். நண்பகல் வெயிலில் பாலைவனக் காற்று கொதித்துக் கலந்து கிலோமீட்டர் கணக்கில் மேலே போகிறது. புகையும் அதோடு மேலே போகிறது. புகையை நகர்த்துவது அந்த முழு அடுக்கின் காற்று. 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு மாறினாலே உமிழ்வு எண் கூடும். சில நூறு மீட்டர் வரை சராசரி எடுத்தால் இன்னும் கூடும். உமிழ்வு காற்றின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் போவதால் இதில் சமாதானத்துக்கே இடமில்லை. வேகத்தில் 10% பிழை என்றால் விடையிலும் 10% பிழை. நான் கடைசியில் தரையிலிருந்து 500 மீட்டர் வரை அழுத்த எடையோடு சராசரி எடுத்தேன். 1000 மீட்டர் வரை எடுப்பவர்களும் உண்டு, அதற்கும் நியாயம் இருக்கிறது. எதை எடுத்தாலும், மற்றதை எடுத்தால் விடை எங்கே போகிறது என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்து எழுதி வைப்பது நல்லது.

நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழே காற்று அடித்த நாட்களை விட்டுவிட்டேன். அந்த நாட்களில் புகை ஊரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், திசை என்று ஒன்றே இருக்காது.

சுழற்றி அடுக்குவது

ஒரு நாள் படத்தில் புகைத்தடம் கந்தலாகத் தெரியும். நூற்றுக்கணக்கான நாட்களை அடுக்கினால்தான் உருவம் வரும். ஆனால் ஒரு நாள் வடக்கிலிருந்து காற்று, இன்னொரு நாள் மேற்கிலிருந்து. அப்படியே அடுக்கினால் ஊரைச் சுற்றி ஒரு வட்டத் திட்டுதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு நாள் படத்தையும் ஊர் மையத்தை அச்சாக வைத்து, காற்று எப்போதும் இடமிருந்து வலமாக அடிப்பது போலச் சுழற்றிவிட வேண்டும். வானிலைக்காரர்கள் காற்றின் திசையை அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வார்கள். ஈரா5 கோப்பில் இருக்கும் இரண்டு கூறுகளோ அது எங்கே போகிறது என்று சொல்கின்றன. சுழற்றியது சரியா என்று சோதிக்க அடுக்கிய படமே போதும்: வால் ஒரே பக்கம் நீண்டு, மறுபக்கம் வெட்டினாற்போல் நின்றால் சரி.

அடுக்கிய படத்தைக் காற்றின் குறுக்கே கூட்டினால் ஒரு கோடு கிடைக்கும்: தடத்தின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை மோல். இதுவே இந்த முறையின் அழகு என்பேன். காற்றின் திசையில் கொஞ்சம் பிழை இருந்து புகைத்தடம் பக்கவாட்டில் மங்கினாலும், குறுக்கே கூட்டும்போது அந்த மங்கல் காணாமல் போகிறது. கூட்டும் பட்டை போதிய அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப அகலமாக வைத்தால் பக்கத்தில் உள்ள வேறு மூலங்கள் உள்ளே வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு தோராய எண் எடுப்பது எப்படி என்பதற்கு வட்ட எண்களில் ஓர் உதாரணம். 30 கிலோமீட்டர் அகலப் புகைத்தடம், பின்னணிக்கு மேல் சதுர மீட்டருக்கு 0.0001 மோல், காற்று நொடிக்கு 5 மீட்டர். அகலத்தால் பெருக்கினால் மீட்டருக்கு 3 மோல். காற்றால் பெருக்கினால் நொடிக்கு 15 மோல். ஒரு மோலுக்கு 46 கிராம் என்றால் நொடிக்கு 0.69 கிலோ நைட்ரஜன் டை ஆக்சைடு. ஆனால் புகைபோக்கியிலிருந்து வருவது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. அது ஓசோனோடு வினைபுரிந்து டை ஆக்சைடாக மாறுகிறது, வெயில் அதைத் திரும்பப் பிரிக்கிறது. நண்பகலில் இரண்டும் சேர்ந்த மொத்தம் டை ஆக்சைடைப் போல 1.32 மடங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் நொடிக்கு 0.91 கிலோ. வருடம் முழுக்க இதே வேகத்தில் போனால் 28,700 டன் வாக்கில்.

இந்த 1.32 ஊருக்கு ஒத்துவரும். புகைபோக்கிக்கு மிக அருகே, புகை இன்னும் ஓசோனோடு கலக்காத இடத்தில், விகிதம் அதைவிட அதிகம். ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் போடும்போது மின் நிலையங்கள் குறைவாக மதிப்பிடப்படும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சராசரியில் ஒளிந்திருக்கும் 19%

மேலே சொன்ன பெருக்கலைப் பல நாள் சராசரிக்கு அப்படியே செய்தால் ஒரு வில்லங்கம் உண்டு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் நிரல் எழுதினேன். ஊர் எல்லா நாளும் ஒரே அளவு புகை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி நாள் காற்று நொடிக்கு 3 மீட்டர், பாதி நாள் 7 மீட்டர். மெதுவான நாளில் புகை தேங்கி அடர்த்தி கூடும், வேகமான நாளில் குறையும். அடர்த்தி மூன்றில் ஒன்றாகவும் ஏழில் ஒன்றாகவும் மாறி மாறி வரும், சராசரி 0.238. சராசரிக் காற்று 5. இரண்டையும் பெருக்கினால் 1 வர வேண்டிய இடத்தில் 1.19 வருகிறது. கருவியில் பிழை இல்லை, காற்றுத் தரவில் பிழை இல்லை, ஆனாலும் விடை 19% அதிகம். காற்றின் வேகம் எவ்வளவுக்கு நாளுக்கு நாள் மாறுகிறதோ அவ்வளவுக்கு இது பெருகும், எப்போதும் ஒரே திசையில்.

தீர்வு சுலபம்: ஒவ்வொரு நாளும் அடர்த்தியை அந்த நாள் காற்றால் பெருக்கிவிட்டு, அப்புறம் சராசரி எடுக்க வேண்டும். அல்லது காற்றின் வேகத்தின்படி நாட்களைக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் தனிக் கணக்கு. நான் இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன். கட்டுகளுக்கு இடையே விடை ஒத்துப்போகிறதா என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோதனை. உமிழ்வு காற்றைப் பார்த்து மாறாது. வேகமான கட்டில் அதிகம், மெதுவான கட்டில் குறைவு என்று வரிசையாக வந்தால், காற்றின் உயரத்தையோ பட்டையின் அகலத்தையோ மறுபடி பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

வளைவைப் பொருத்துவது

புகைத்தடம் போகப் போகக் குறைகிறது. எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதில் வாயுவின் ஆயுள் இருக்கிறது. ஆயுள் 4 மணி நேரம், காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால், 72 கிலோமீட்டரில் அளவு மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டிய இடத்துக்கு, அதாவது 37%க்கு இறங்கும். குறைந்த அட்சரேகை நகரங்களுக்குப் பகல் ஆயுள் 4 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்று 2011 கட்டுரை காட்டியது. மாஸ்கோவில் குளிர்காலத்தில் அது 8 மணி வரை போனது. வெயில் குறைந்தால் வேதிவினையும் மந்தம்.

பொருத்தும் வளைவு, அடுக்குக்குறியில் குறையும் ஒரு வாலை மணி வடிவ வளைவால் மங்கலாக்கியது. ஐந்து எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: மொத்த நிறை, குறையும் தூரம், மூலத்தின் இடம், மங்கலின் அகலம், பின்னணி. மொத்த நிறையை ஆயுளால் வகுத்தால் உமிழ்வு.

பைத்தானில் சைப்பை என்ற கணக்குத் தொகுப்பின் வளைவு பொருத்தும் செயலிக்கு இதைக் கொடுத்தவுடன் விடைக்குப் பதிலாக "எண் அல்ல" என்று கக்கியது. காரணம், சூத்திரத்தில் ராட்சத அடுக்குக்குறி ஒன்றும் நுண்ணிய பிழைச்சார்பு ஒன்றும் பெருக்கப்படுகின்றன. மூலத்துக்கு எதிர்க்காற்றுப் பக்கம் போகும்போது முதலாவது முடிவிலிக்கு ஓடுகிறது, இரண்டாவது பூஜ்யமாகிறது. சைப்பையிலேயே இந்த இரண்டையும் உள்ளே சேர்த்துக் கணக்கிட்டுத் தரும் சார்பு ஒன்று இருக்கிறது. பிழைநிரப்புச் சார்பின் அளவிடப்பட்ட வடிவம் அது. அதைப் போட்டு எழுதியதும் சரியாகிவிட்டது. கூடவே, எண்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதால், செயலி "போதும், நெருங்கிவிட்டேன்" என்று தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். எல்லாவற்றையும் 1ஐ ஒட்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கணினிக் கோளாறு தீர்ந்த பிறகு இயற்பியல் கோளாறு. பின்னணியும் குறையும் தூரமும் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும். கீழ்க்காற்றில், அதாவது காற்று போகும் பக்கத்தில், 100 கிலோமீட்டரோடு வெட்டினால் வால் எங்கே தரையைத் தொடுகிறது என்றே வளைவுக்குத் தெரியாது. உயர்ந்த பின்னணியும் குட்டை வாலும் அதே கோட்டை வரைந்துவிடும், தாழ்ந்த பின்னணியும் நீண்ட வாலும் வரைந்துவிடும். ஆயுளில் வரும் வித்தியாசம் அப்படியே உமிழ்வில் வந்து விழும். 200, 250 கிலோமீட்டர் வரை நீட்டி, எதிர்க்காற்றுப் பக்கமும் தாராளமாக இடம் விட்டால் அடங்குகிறது. இன்னொன்று, மங்கலின் அகலம் குறையும் தூரத்தைவிடப் பெரிதாக வந்தால் அந்தப் பொருத்தத்தைத் தூக்கிப் போட வேண்டும். ஊரின் அகலத்தை வாலின் நீளம் என்று செயலி நினைத்துக்கொண்டிருக்கிறது. மெதுவான காற்றுக் கட்டில் இது அடிக்கடி நடக்கும்.

பொய் ஊர்

என் நிரல் தரும் எண் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரியாத்தின் உண்மை உமிழ்வு யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. எனவே உண்மை தெரிந்த ஒரு பொய் ஊரைக் கட்டினேன். வளிமண்டல மாதிரி என்றதும் ஜியாஸ்-கெம், டபிள்யூஆர்எஃப்-கெம் போன்ற பெரிய மென்பொருட்கள் நினைவுக்கு வரும். அவை ஓடச் சர்வர் வேண்டும். இந்தச் சோதனைக்கு அவ்வளவு தேவையில்லை. ஊரின் இடத்திலிருந்து நொடிக்கு இத்தனை கிலோ என்று நானே நிர்ணயித்த அளவில் துகள்களை விட வேண்டும். ஈரா5 காற்று மணிக்கு மணி அவற்றை நகர்த்தட்டும். 4 மணி ஆயுளில் அவை கரையட்டும். கொஞ்சம் சீரற்ற ஆட்டத்தையும் கொடுத்து, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் எண்ணி, உண்மையான நாளின் மேக ஓட்டைகளை அப்படியே அதன் மேல் போட்டு, இரைச்சல் சேர்த்து, அதே நிரலுக்குள் அனுப்பினேன். நான் போட்டது திரும்ப வர வேண்டும்.

காற்று சீராக அடித்த நாட்களை மட்டும் கொடுத்தால் போட்டது கிட்டத்தட்ட அப்படியே வந்தது. எல்லா நாளையும் கொடுத்தபோது ஆயுள் 4 மணிக்குக் குறைவாக வந்தது. காலையில் ஒரு திசை, மதியம் வேறு திசை என்று காற்று திரும்பும் நாட்களில் புகைத்தடம் வில்லாக வளைகிறது. மதியக் காற்றை வைத்து நேர்க்கோடாகச் சுழற்றினால், வாலின் கடைசிப் பகுதி பட்டைக்கு வெளியே விழுகிறது. வெளியே விழுந்ததை நிரல் "அழிந்துவிட்டது" என்று படிக்கிறது. அதனால் இப்படிப் பொருத்திக் கிடைக்கும் ஆயுளை வேதியியல் ஆயுள் என்று சொல்லக் கூடாது. வேதிவினையால் போனதும் பட்டையைவிட்டு நழுவியதும் சேர்ந்த ஆயுள் அது. உமிழ்வைக் கணக்கிட இது பெரும்பாலும் பாதகமில்லை, ஏனென்றால் நழுவியது மொத்த நிறையிலும் குறைகிறது, ஆயுளிலும் குறைகிறது; வகுக்கும்போது பெரும்பகுதி ஈடாகிறது. ஆனால் அந்த ஆயுளை எடுத்துக்கொண்டு போய் ரியாத்தின் ஓசோன் வேதியியலைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால் நான் நம்பமாட்டேன். கடைசி ஆறு மணி நேரத்தில் காற்றின் திசை அதிகம் திரும்பிய நாட்களைக் கழித்ததும், பொய் ஊரும் நிஜ ஊரும் இரண்டுமே அடங்கின.

மின் நிலையங்களைப் பிரித்தது

2019இல் பைர்லே குழு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. அடர்த்தியைக் காற்றால் பெருக்கினால் வாயுவின் ஓட்டம். ஒரு கட்டத்துக்குள் வந்த ஓட்டத்தைவிட வெளியே போகும் ஓட்டம் அதிகம் என்றால் நடுவில் ஏதோ மூலம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஓட்டத்தைக் கணக்கிட்டு, சராசரி எடுத்து, அப்புறம் வகைக்கெழு எடுத்து, ஆயுளால் அழிந்ததைத் திரும்பக் கூட்டினால் உமிழ்வு வரைபடமே கிடைக்கிறது. சுழற்ற வேண்டியதில்லை.

படம் பிரமாதமாக வருகிறது. நகரத்துக்கு வெளியே நிற்கும் மின் நிலையங்கள் ஊசி குத்தியது போல் தனித்தனியாகத் தெரிகின்றன. அதே சமயம், வகைக்கெழு என்றாலே இரைச்சல் பெருகும். ஒரு மாதத் தரவில் செய்தால் நேரும் எதிருமாகப் புள்ளிக்கோலம்தான் கிடைக்கும். குறைந்தது ஓர் ஆண்டாவது வேண்டும் என்பது என் அனுபவம். புள்ளி மூலங்களுக்கு விடையில் பெரும்பகுதி ஓட்ட வித்தியாசத்திலிருந்தே வருகிறது, ஆயுள் 3 மணியா 5 மணியா என்பது அவ்வளவாக உறுத்தாது. பரந்து கிடக்கும் நகரத்துக்கு அப்படியில்லை. அங்கே கூட்டிக் கொடுக்கும் அழிவுப் பகுதி கணிசமானது, பின்னணியைக் கழிக்காமல் அதைக் கூட்டினால் வெறும் பாலைவனமும் புகை விடுவதாகக் காட்டும். ஆகவே மின் நிலையத்துக்கு இந்த முறை, ஊர் மொத்தத்துக்கு வளைவு முறை என்று பிரித்துக்கொண்டேன்.

செயற்கைக்கோளின் உள்ளேயும் ஒரு மாதிரி

நாம் இறக்கும் எண்ணே முழுக்க அளந்தது கிடையாது. கருவி அளப்பது 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை. அதைத் தரைக்கு மேல் நிற்கும் தூணாக மாற்ற, வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். தரையோரம் இருக்கும் வாயுவைக் கருவி மங்கலாகவும், மேலே இருப்பதைத் தெளிவாகவும் பார்க்கிறது. அந்த உயரப் பங்கீடு டிஎம்5 என்ற உலக மாதிரியிலிருந்து வருகிறது, ஒரு பாகைக் கட்டத்தில், அதாவது நூறு கிலோமீட்டருக்கு ஒன்று. நகரமும் பாலைவனமும் ஒரே கட்டத்தில் கலந்துவிடுவதால், நகரத்தின் தரையோர வாயு குறைவாக ஊகிக்கப்படுகிறது, நகரத் தூண் உண்மையைவிடக் குறைவாக வருகிறது.

கோப்பிலேயே இதைச் சரிசெய்யக் கருவி கொடுத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு உயர அடுக்கையும் கருவி எவ்வளவு உணர்கிறது என்ற பட்டியல். நுண்ணிய கட்டமுள்ள இன்னொரு மாதிரியின் உயரப் பங்கீட்டை எடுத்து, அந்தப் பட்டியலால் எடையிட்டுக் கூட்ட வேண்டும். எடையிடாத கூட்டலை எடையிட்ட கூட்டலால் வகுத்து, கோப்பில் உள்ள எண்ணைப் பெருக்கினால் திருத்திய தூண் கிடைக்கும். பட்டியல் முழு வளிமண்டலத்துக்கானது. நமக்கு வேண்டியது கீழடுக்குக்கு. உறிஞ்சலைத் தூணாக மாற்றப் பயன்படும் எண்ணுக்குக் காற்றுப் பாதைக் காரணி என்று பெயர். மொத்தக் காற்றுப் பாதைக் காரணியைக் கீழடுக்குக் காரணியால் வகுத்து அதைக் கொண்டு பெருக்கி, மேல் அடுக்குகளை வெட்டிவிட வேண்டும். நான் ஐரோப்பாவின் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையான காம்ஸ் தரும் முன்னறிவிப்பின் 0.4 பாகைப் பங்கீட்டைப் போட்டுப் பார்த்தேன். நகரத்து எண் மேலே போனது, பாலைவனம் அசையவில்லை; எதிர்பார்த்த திசைதான். பாலைவன மண் வெளிச்சமாக ஒளியைத் திருப்பியனுப்புவதால் தரையோரத்தையும் கருவி ஓரளவு நன்றாகவே பார்க்கிறது, அதனால் இந்தத் திருத்தம் இருண்ட தரையுள்ள ஊர்களில் இருப்பதைவிடச் சிறியது.

பட்டியலோடு ஒப்பிட்டது

எட்கர் போன்ற உமிழ்வுப் பட்டியல்கள் எரிபொருள் கணக்கிலிருந்து கீழிருந்து மேலாகக் கட்டியவை. ஒப்பிடும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. பட்டியல் எண்கள் எல்லா நைட்ரஜன் ஆக்சைடையும் டை ஆக்சைடின் நிறையாக எழுதுகின்றன; 46க்குப் பதில் 30ஐப் போட்டால் ஒன்றரை மடங்கு வித்தியாசம் வரும். பட்டியல் ஆண்டுக்கு இத்தனை டன் என்கிறது. நொடிக்கு 1 கிலோ என்பது ஆண்டுக்கு 31,536 டன். மூன்றாவதுதான் பெரியது: என்னுடையது மேகமில்லாத நாட்களின் பிற்பகல் ஒன்றரை மணிக்கான எண். இரவு, காலைப் போக்குவரத்து எதுவும் அதில் இல்லை. பகலில் வண்டி ஓட்டமும் மின் தேவையும் நாள் சராசரியைவிட அதிகம் என்பதால், ஒரு நாளுக்குள் உமிழ்வு எப்படி மாறுகிறது என்ற அட்டவணையால் வகுக்காமல் ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டால் பட்டியல் பொய் சொல்வது போலத் தெரியும்.

பருவத்தைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த படம். கோடையில் ரியாத்துக்கு மேல் வாயுவின் அளவு குளிர்காலத்தைவிடக் குறைவு. படத்தை மட்டும் பார்ப்பவர் கோடையில் மாசு குறைந்தது என்பார். ஆனால் கோடையில்தான் ஏசிக்காக மின் நிலையங்கள் முழு மூச்சில் ஓடுகின்றன. வெயிலில் வாயு சீக்கிரம் அழிவதால் தூண் ஒல்லியாகிறது. பருவத்துக்குப் பருவம் ஆயுளைத் தனியாகப் பொருத்தினால், மின் நிலையப் புள்ளிகளின் உமிழ்வு கோடையில் மேலே போகிறது.

வெள்ளிக்கிழமைகளைத் தனியே எடுத்தபோதும் எதிர்பார்த்தபடியே நடந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. நகரின் நடுப்பகுதி வெள்ளியன்று தாழ்ந்தது, மின் நிலையங்கள் பெரிதாக அசையவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளை மட்டும் எடுத்தால் தரவு ஏழில் ஒன்றாகிவிடுகிறது. வளைவு ஆயுளைப் பிடிக்கத் தடுமாறுகிறது. ஆயுளை எல்லா நாளும் சேர்ந்த விடையில் பூட்டிவிட்டு, மொத்த நிறையை மட்டும் விட்டுப் பிடித்தேன். நிரலை ஓட்டும்போது கொடுத்த ஒவ்வொரு தேர்வையும், அதாவது காற்றின் உயரம், பட்டையின் அகலம், வாலின் நீளம், 1.32, உயரப் பங்கீடு எல்லாவற்றையும், இப்போது விடையோடு சேர்த்து ஒரே கோப்பில் எழுதும்படி நிரலை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நியாயமான எல்லைக்குள் ஆட்டிக் கிடைக்கும் கீழ் எண்ணும் மேல் எண்ணும் வரைபடத்தில் கோடாக வருகின்றன. அந்தக் கோடுகளில் மிக நீளமானது இன்னமும் காற்றின் உயரத்துக்கானதுதான். அடுத்து அதற்குக் கலப்பு அடுக்கின் (தரையிலிருந்து காற்று கலந்து நிற்கும் அடுக்கு) உயரத்தை நாளுக்கு நாள் ஈரா5இலிருந்தே எடுத்துப் போட வேண்டும்.